வேப்பும் நம்ம வீட்டு நாய், பூனையும்: கொஞ்சம் நீளமான இழை

1/
நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். தாலுகா அரசு மருத்துவமனையில வேலை. கால்நடை மருத்துவர் இல்லை. ஆனாலும் இன்னைக்கு எழுதப்போறது நம்ம வீட்டு நாய், பூனை, பறவைகளைப் பத்தி. காரணம் நிகோடின். அது உடம்புக்குள்ள பண்ற வேலை, எங்க கேஷுவாலிட்டியில அடிக்கடி பார்க்கிற பூச்சிமருந்து விஷத்தோட வேலையை ரொம்பவே ஒத்திருக்கும். அதனாலதான் இதை எழுதாம இருக்க முடியலை.

2/
"வேப்னா என்னங்க?"ன்னு கேட்கிற அப்பா அம்மாக்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். (வேப்ப மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.) இ-சிகரெட்டைத்தான் பசங்க வேப்னு சொல்றாங்க. பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும், ஹைலைட்டர் பேனா மாதிரி இருக்கும், சிலது லிப்ஸ்டிக் மாதிரியே இருக்கும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி, சூடாகிற ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம். அந்தத் திரவத்துல புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், மாம்பழம், தர்பூசணி, புதினான்னு ஏதோ ஒரு வாசனை. கூடவே நிகோடின்.

3/
"இதெல்லாம் நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்களே?" பண்ணிட்டாங்க. 2019 செப்டம்பர்ல அவசரச் சட்டம், அந்த டிசம்பர்லயே முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிச்சு வைப்பது, விளம்பரம் எல்லாமே தடை. முதல் முறை விற்று மாட்டினாலே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஆனா பொருள் ஊருக்குள்ள இல்லாம போகலை. கண்ணுக்குத் தெரியாம போச்சு, அவ்வளவுதான்.

4/
நான் சொல்ல வந்தது இங்கதான் ஆரம்பிக்குது. தடை சரியா தப்பான்னு வாதம் பண்ண வரலை. சிகரெட் பாக்கெட் சட்டைப் பையில இருக்கும், அலமாரி மேல இருக்கும். வேப் எங்க இருக்கும்? கட்டிலுக்கு அடியில. ஷூவுக்குள்ள. காலேஜ் பையோட சைடு ஜிப்ல. அழுக்குத் துணிக் கூடையில. அம்மா கண்ணுல படக்கூடாதுன்னு தேடித் தேடி ஒளிச்சு வைக்கிற அத்தனை இடமும், நாய் மூக்குக்கு நேர் உயரத்துல இருக்கிற இடம். அதுவும் மாம்பழ வாசனையோட.

5/
போன வருஷம் ஒரு நைட் டூட்டி. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) மணி பதினொன்றரை இருக்கும். கேட்டுல செக்யூரிட்டி அண்ணன் யார்கிட்டயோ, "நாய்க்கெல்லாம் இங்க பார்க்க மாட்டாங்கம்மா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தார். வெளியே போய்ப் பார்த்தேன். ஓர் அம்மா கையில துண்டுல சுத்தின பொமரேனியன். பேரு ஜூலி. வாயில இருந்து எச்சில் நூல் நூலா ஒழுகுது. வர்ற வழியில ரெண்டு தடவை வாந்தி. பின்னங்கால் நடுங்குது.

6/
அம்மா, "பல்லியைத் தின்னுருச்சோ, பக்கத்து வீட்டுல எலி மருந்து வெச்சிருந்தாங்களோ தெரியலை மேடம்"ன்னு அழறாங்க. அப்பாவுக்கு வேற பயம். "வெறி புடிச்சிருக்குமோ? பசங்களை நக்கிக்கிட்டே இருக்குமே"ன்னு கேட்கிறார். இங்க இதுக்கு வசதி இல்லைன்னு சொல்லி, ஊர்ல இருக்கிற கால்நடை மருத்துவருக்கு நானே போன் போட்டேன். நல்ல மனுஷர், எடுத்துட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பிட்டுச்சு?" யாருக்கும் தெரியலை.

7/
அம்மாவும் அப்பாவும் ஆட்டோவுல ஏறிட்டாங்க. மூத்த பையன், காலேஜ் முதல் வருஷம் இருப்பான், மட்டும் நின்னான். "மேடம், ஒரு நிமிஷம்." பாக்கெட்ல இருந்து எடுத்துக் காட்டினான். கடிச்சு நசுங்கின ஒரு பிளாஸ்டிக் துண்டு. "இது என்னோடது. பத்தரை மணிக்கே பார்த்தேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க." அப்பாகிட்ட நான் சொல்லலை. போனை அவன் காதுல வெச்சேன். "உள்ளே இருக்கிற டாக்டர்கிட்ட நீயே சொல்லுப்பா. இப்பவே. எத்தனை பர்சன்ட்டுன்னும் சொல்லு."

8/
சொன்னான். கிளினிக் போய்ச் சேர்றதுக்குள்ள ஜூலிக்கு வலிப்பு வந்துருச்சு. ஆனா அங்க அந்த டாக்டர் வலிப்புக்கான மருந்தை எடுத்து வெச்சுக்கிட்டுத் தயாரா இருந்தார். விடியற வரைக்கும் டிரிப்ஸ், ஆக்சிஜன். பிழைச்சுக்கிச்சு. பையன் வீட்டுக்குப் போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டானாம். அது அவங்க வீட்டு விஷயம். என் மனசுல நின்னது, பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவுல இருந்த அந்த ஒரு மணி நேரம். எல்லாம் தெரிஞ்ச ஒருத்தன் அந்த வீட்டுக்குள்ளயே இருந்தான். பயத்துல வாயைத் திறக்கலை.

9/
இப்போ அந்த ஒரு மணி நேரத்துல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நரம்புல இருந்து தசைக்கும், நரம்புல இருந்து நரம்புக்கும் செய்தி கொண்டுபோற ரசாயனம் அசிட்டைல்கோலின். அது போய் உட்கார்ற இடங்கள்ல ஒரு வகைக்குப் பேரே நிகோட்டினிக் ரிசப்டர். நிகோடின் அந்த நாற்காலியில தானே போய் உட்கார்ந்துக்கும். முதல்ல எல்லாத்தையும் தூண்டிவிடும்: எச்சில், வாந்தி, பேதி, பதற்றம், வேகமான இதயத் துடிப்பு, தசை துடிப்பு, வலிப்பு. அளவு அதிகமானா அடுத்த கட்டம், எல்லாம் செயலிழந்து போறது. மூச்சு விட வைக்கிற தசையும் அதுல சேர்த்தி. உயிர் போறது பெரும்பாலும் அப்படித்தான்.

10/
ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடிச்சவங்களைப் பார்த்த எந்த அரசு மருத்துவருக்கும் இந்தப் பட்டியல் புதுசு இல்லை. அதுல அசிட்டைல்கோலினை உடைக்கிற நொதி முடங்கிடும். இதுல நிகோடினே அசிட்டைல்கோலின் வேஷம் போடும். வழி வேற, கலவரம் கிட்டத்தட்ட ஒண்ணு. நம்ம விவசாயிகளுக்கு இது ஆச்சரியமா இருக்காது. புகையிலையை ஊறவெச்ச தண்ணியைச் செடிக்கு அடிச்சா பூச்சி சாகும்னு நமக்கு முன்னாடியே தெரியும். புகையிலைச் செடி நிகோடினை உருவாக்குறதே தன்னைத் தின்ன வர்ற பூச்சிகள்கிட்ட இருந்து தப்பிக்கத்தான்.

11/
இப்போ கணக்கு. பொறுமையா படிங்க.
பாக்கெட்ல "5%"ன்னு போட்டிருந்தா, 1 மில்லியில 50 மில்லிகிராம் நிகோடின். "2%"ன்னா 20 மில்லிகிராம்.
நாய்க்கு உடல் எடையில ஒரு கிலோவுக்கு சுமார் 1 மில்லிகிராம் போனாலே அறிகுறி தெரிய ஆரம்பிக்கலாம். 9ல இருந்து 12 மில்லிகிராம் வரை போனா உயிருக்கே ஆபத்து.
அப்போ 5 கிலோ பொமரேனியனுக்கு அறிகுறி வர 5 மில்லிகிராம் போதும். உயிருக்கு ஆபத்தான அளவு 50 மில்லிகிராம் பக்கத்துல. அதாவது ஒரு மில்லி. சுமாரா இருபது சொட்டு.

12/
"என் வீட்டுல இருக்கிறது லேப்ரடார், 30 கிலோ"ன்னு நிம்மதி ஆகாதீங்க. தூக்கிப் போடுற டிஸ்போசபிள் வகையில 10 மில்லி, அதுக்கும் மேல திரவம் உள்ளதெல்லாம் இருக்கு. 5%ல 10 மில்லின்னா 500 மில்லிகிராம். ஒப்பிட்டுப் பாருங்க: ஒரு முழு சிகரெட்டோட புகையிலையில இருக்கிறது சுமார் 10ல இருந்து 15 மில்லிகிராம். அதையும் நாய் ஒண்ணு ரெண்டு கடிச்சுட்டு, கசக்குதுன்னு துப்பிடலாம். இது இனிக்கும். லேபிள்ல போட்டிருக்கிற அளவுதான் உள்ளே இருக்குன்னு நம்பவும் முடியாது. திருட்டுத்தனமா வர்ற பொருளை யாரும் சோதிச்சு அனுப்பறதில்லை.

13/
வேகம் இன்னொரு பிரச்சினை. திரவ நிகோடின் வயிற்றுக்குப் போற வரைக்கும் காத்திருக்காது. வாய்ச் சவ்வு வழியாவே ரத்தத்துல ஏற ஆரம்பிக்கும். பல சமயம் 15 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அறிகுறி வந்துடும். "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்பது இதுக்குப் பொருந்தாது. அதே சமயம் நிகோடினை உடம்பு சீக்கிரம் வெளியேத்தவும் செய்யும். முதல் நாலைந்து மணி நேரத்தைச் சிகிச்சையோட தாண்டிட்டா பிழைக்கிற வாய்ப்பு நல்லாவே இருக்கும். அதனாலதான் அந்த ஒரு மணி நேரத்தைப் பத்தி இவ்வளவு சொல்றேன்.

14/
நிகோடின் மட்டும் இல்லை. சில திரவங்கள்ல இனிப்புக்கு சைலிட்டால் சேர்க்கிறாங்க. மனுஷனுக்குப் பெரிய தொல்லை இல்லை. நாய்க்கு அது இன்சுலினைத் திடீர்னு சுரக்க வெச்சு, ரத்தச் சர்க்கரையைத் தடாலடியா இறக்கிடும். கல்லீரலையும் கெடுக்கும். சுகர்-ஃப்ரீ சூயிங் கம்லயும் இது இருக்கலாம். நாய் வளர்க்கிற வீட்டுல அந்த பபிள்கம் பாக்கெட்டையும் ஒரு தடவை திருப்பிப் படிங்க.

15/
பேட்டரி. லித்தியம் பேட்டரியைக் கடிச்சு ஓட்டை போட்டா வாய், நாக்கு, உணவுக்குழாய் வெந்துபோகும். சூட்டாலயும் வேகும், கசியற ரசாயனத்தாலயும் வேகும். வெளியே இருந்து பார்த்தா உடனே தெரியாது. பிளாஸ்டிக், கம்பித் துண்டு குடல்ல அடைச்சுக்கவும் கூடும். அதனால "வாந்தி எடுத்துருச்சு, இப்போ ஜாலியா இருக்கு" என்றாலும், பொருள்ல ஒரு துண்டு காணோம்னா எக்ஸ்ரே வேணும்.

16/
பூனைகளுக்குத் தனிக் கதை. பூனை தன் உடம்பை நக்கி நக்கித்தான் சுத்தம் பண்ணும். திரவம் ரோமத்துல சிந்தினா, அது நேரா வாய்க்குப் போகும். புகைன்னு நாம நினைக்கிறது வெறும் தண்ணி ஆவியும் இல்லை. நிகோடின் கலந்த நுண்துளிகள். சோபாவுல, போர்வையில, ரோமத்துல படியும். புரொப்பிலீன் கிளைகால் பூனையோட சிவப்பணுக்களைப் பாதிக்கும் என்பதால, அமெரிக்காவுல பூனை உணவுல அதைச் சேர்க்கவே தடை.

17/
லவ் பேர்ட்ஸ், பட்ஜி வளர்க்கிறவங்களுக்கு. பறவைகளோட நுரையீரல் காத்துல இருக்கிறதை நம்மளைவிட வேகமா உறிஞ்சும். அந்தக் காலத்துல நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள கேனரிப் பறவையைக் கூண்டுல கொண்டுபோனது அதுக்காகத்தான். மனுஷனுக்குத் தெரியறதுக்கு முன்னாடி விஷவாயு அதுக்குத் தெரிஞ்சுடும். கூண்டு இருக்கிற அறையில வேப், சிகரெட், கொசுவத்தி எதுவுமே வேண்டாம்.
எது பெரிய ஆபத்துன்னு கேட்டா, நேரா கடிச்சு விழுங்குறதுதான். புகை அதுக்கு அடுத்தபடி.

18/
"குழந்தைங்க திறக்க முடியாத மூடி இருக்குமே?" 2014 டிசம்பர்ல அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்துல ஒரு வயசுக் குழந்தை திரவ நிகோடினை விழுங்கி இறந்துபோச்சு. அதுக்கப்புறம் 2016 ஜனவரியில அந்த மாதிரி மூடியைக் கட்டாயமாக்குற சட்டம் அங்க கையெழுத்தாச்சு. அந்த மூடி குழந்தையோட விரலுக்குத்தான் தடை. நாயோட கடைவாய்ப் பல்லுக்கு இல்லை. நம்ம ஊருக்குக் கள்ளத்தனமா வர்ற சரக்குல அந்த மூடியாவது இருக்கும்னு யார் உத்தரவாதம் தர்றது?
வீட்டுல தவழ்ற குழந்தை இருந்தா, இந்த இழையில "நாய்"னு வர்ற இடத்துலயெல்லாம் "குழந்தை"ன்னு படிச்சுக்கலாம். உயரமும் ஒண்ணு, எதையும் வாயில வைக்கிற பழக்கமும் ஒண்ணு.

19/
சரி, நடந்துருச்சு. என்ன பண்ணணும்?
முதல்ல மிச்சம் இருக்கிற பொருளை நாய்கிட்ட இருந்து எடுங்க. கையில கிளவுஸ் இல்லைன்னா பிளாஸ்டிக் கவர் மாட்டிக்குங்க. நிகோடின் தோல் வழியா உங்களுக்குள்ளயும் போகும்.
நாய் நினைவோட, அமைதியா இருந்தா வாயோரத்தை ஈரத்துணியால துடைங்க. ரோமத்துல சிந்தியிருந்தா சோப்பு போட்டுக் கழுவி, நக்க விடாம துண்டுல சுத்துங்க.
நேரத்தைப் பாருங்க. பொருளையோ, அதோட படத்தையோ கையில எடுத்துக்குங்க. எவ்வளவு மில்லி, எத்தனை சதவீதம், நாய் எத்தனை கிலோ. இந்த மூணும் டாக்டருக்கு வேணும்.
போன் பண்ணிக்கிட்டே கிளம்புங்க. அறிகுறி வரட்டும்னு உட்கார்ந்திருக்காதீங்க.

20/
என்ன பண்ணக்கூடாது?
உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்பே நாய்க்கு விஷமாகும். வலிப்பு வர்ற நேரத்துல வாந்தி எடுத்தா அது நுரையீரலுக்குள்ள போகும். பேட்டரி துண்டு வெளியே வரும்போது இன்னொரு தடவை சுடும்.
வயித்தெரிச்சலுக்கு நாம குடிக்கிற ஆன்டாசிட் மருந்து கொடுக்காதீங்க. வயித்துல அமிலம் இருக்கிற வரைக்கும் நிகோடின் மெதுவாத்தான் ஏறும். அமிலத்தைக் குறைச்சா வேகமா ஏறும். நல்லது பண்றதா நினைச்சு விஷத்துக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும்.
பால், மோர், இளநீர், அடுப்புக்கரி எதுவும் வேண்டாம்.
வலிப்பு வரும்போது வாய்க்குள்ள கை விடாதீங்க. உங்களை உயிரா நினைக்கிற நாயும் அப்போ கடிக்கும்.

21/
கடிச்சுட்டா? வளர்ப்பு நாய்தானேன்னு விடாதீங்க. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அரசு மருத்துவமனைக்கு வாங்க. வெறிநாய்க்கடி தடுப்பூசி இலவசம். எச்சில் ஒழுகுது, நடுங்குது, ஒரு மாதிரி பார்க்குதுன்னா வெறின்னு பயப்படுறதுல தப்பே இல்லை. ஆனா அந்தப் பயத்துல நாயை அறையில பூட்டி வெச்சுட்டு, உண்மையான காரணத்தைத் தேடாம விட்டுடக்கூடாது. வருஷா வருஷம் தடுப்பூசி போட்ட அட்டை கையில இருந்தா, அந்த நேரத்துல எல்லாருக்குமே தலை தெளிவா இருக்கும்.

22/
எங்க போறது? உங்க ஊர் கால்நடை மருத்துவரோட எண்ணை இன்னைக்கே போன்ல சேமிங்க. ராத்திரி எடுப்பாரான்னு கேட்டு வெச்சுக்குங்க. இல்லைன்னா பக்கத்துல எது திறந்திருக்கும்னு அவர்கிட்டயே கேளுங்க. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருக்கிறவங்களுக்கு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கு. 1962 கால்நடைகளுக்கான உதவி எண்தான். ஆனா இந்த மாதிரி விஷயத்துல வண்டி வரும்னு காத்திருக்காம, ஆட்டோவோ பைக்கோ கிடைச்சதுல கிளம்பிடுங்க.
இதுக்குன்னு தனி மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்குறது, மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடிக்கிறது, இதுதான் சிகிச்சை. சீக்கிரம் போனா தாங்கிப் பிடிக்கலாம்.

23/
அங்க போய் உண்மையைச் சொல்லுங்க. டாக்டர் கேட்கிறது கேஸ் போட இல்லை, ஊசி போட. வேப்ல இருந்தது நிகோடினா, கஞ்சா எண்ணெயான்னு கூடக் கேட்பாங்க. தள்ளாடுறது, தன்னறியாம சொட்டுச் சொட்டா சிறுநீர் போறது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுறது இதெல்லாம் கஞ்சா பக்கம் போற அறிகுறிகள். வைத்தியமும் கவனமும் அதுக்கு வேற. "எலி மருந்தா இருக்கும்"னு நீங்க சொல்ற ஒரு பொய், டாக்டரை முற்றிலும் வேற பாதையில அனுப்பிடும்.

24/
காலியான வேப்பைத் தெருக் குப்பையில வீசாதீங்க. காலின்னு நாம நினைக்கிறதுல இன்னும் திரவம் ஒட்டியிருக்கும். குப்பைத் தொட்டியைக் கிளர்றது தெரு நாயும் மாடும். அதைக் கையால பிரிக்கிறவங்க நம்ம தூய்மைப் பணியாளர்கள். பேட்டரி நசுங்கினா குப்பை வண்டியே தீப்பிடிக்கும். மூடி போட்ட டப்பாவுல வெச்சு, மின்கழிவு வாங்குற இடத்துல கொடுங்க.
தாத்தாவோட புகையிலைப் பொட்டலம், அப்பாவோட சிகரெட் துண்டு நிறைஞ்ச ஆஷ்ட்ரே இதுக்கும் இதே எச்சரிக்கைதான்.

25/
வேப் பயன்படுத்துற தம்பி, தங்கச்சிகளுக்கு. நான் திட்டப்போறதில்லை. விடணும்னு தோணினா 1800-11-2356, தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், இலவசம். எங்களை மாதிரி அரசு மருத்துவமனைக்கும் வரலாம். ஒண்ணு மட்டும்: விடறதுக்காக நிகோடின் சூயிங் கம், பேட்ச் வாங்கினா, அதுவும் நாய்க்கு விஷம்தான். உசரத்துல, பூட்டுற அலமாரியில வைங்க. விடற வரைக்கும் அந்த வேப்புக்கும் அதே அலமாரிதான். கட்டிலுக்கு அடியில வேண்டாம்.

26/
அப்பா, அம்மாக்களுக்கு. உங்க பையன்கிட்ட வேப் இருக்கான்னு இன்னைக்குப் பையைச் சோதனை போடுங்கன்னு சொல்ல மாட்டேன். சோதனை போட்டா இன்னும் ஆழமா ஒளிப்பான். அதுக்குப் பதிலா சாப்பிடும்போது இதை மட்டும் சொல்லி வைங்க: "நாய் எதையாவது கடிச்சாலோ, பாப்பா எதையாவது விழுங்கினாலோ, யாரோட பொருளா இருந்தாலும் அந்த நிமிஷமே சொல்லணும். அன்னைக்கு யாரும் யாரையும் திட்டக்கூடாது. திட்டுறதெல்லாம் மறுநாள்."
சொன்னா மட்டும் போதாது. அன்னைக்கு நிஜமாவே திட்டாம இருக்கணும்.

27/
உங்க வீட்டுல நாயோ பூனையோ இருந்தா, இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடுங்க. யாருக்குன்னு பேர் சொல்ல வேண்டாம். படிக்க வேண்டியவங்க படிச்சுக்குவாங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன். மருந்தும் அளவும் மட்டும் என்கிட்ட கேட்காதீங்க, அதை உங்க கால்நடை மருத்துவர்தான் சொல்லணும்.